வண்டி விழுந்த இடம்

பெயர் மறந்துபோன வண்டிகள் காரைக்காலைத் தேடி வருவதுண்டு. சில கோணியில் சுற்றப்பட்டு வரும். சில லாரியின் முதுகில் வரும். சில உரியவரின் தோளிலேயே வரும். எல்லாம் ஒரு காலத்தில் பந்தயத்தில் பறந்த சைக்கிள்கள். எழுத்து அழிந்து, வண்ணம் உரிந்து, தாம் யார் என்று தமக்கே தெரியாத நிலையில் வந்து நிற்பவை. அவற்றைப் பார்த்து, இன்ன நிறுவனம், இன்ன வகை என்று சொல்ல வல்லவர் அவ்வூரில் ஒருவர் இருந்தார். மதலேன் அம்மையார் என்பது அவர் பெயர்.

நடுவயதைக் கடந்தவர். இளமையில் பந்தயம் ஓட்டியவர். அதன் சான்றாக மோவாயில் ஒரு தழும்பும், மடங்க மறுக்கும் ஓர் இடது முழங்காலும் அவருக்கு வாய்த்திருந்தன.

சனிக்கிழமை மாலைகளில், பழைய உப்புக் கிடங்கின் முற்றத்தில் பெயர் சொல்லும் சடங்கு நடக்கும். உரியவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு கருங்கல் பலகையின் மேல் நிற்பார். அம்மையார் எதிரே முக்காலியில் அமர்வார். ஊரார் சுவரோரம் கூடியிருப்பர். வண்டியின் பெயர் உறுதியானதும், அதை வெள்ளைத் துணி நாடாவில் எழுதி, இருக்கைக்குக் கீழே கட்டி அனுப்புவார்கள். ஆனால் அம்மையார் கேட்கும் முதற்கேள்வி மட்டும் எந்த வண்டிக்கும் மாறியதில்லை.

“இது எங்கே விழுந்தது?”

கோதண்டபாணிக்கு அக்கேள்வி புரியவே இல்லை.

அவர் அம்மையாரைவிட மூத்தவர். நூலாலை ஒன்றில், நூலின் தரம் பார்த்துக் கழிவை ஒதுக்கும் பணியில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். ஓய்வுக்குப் பின் இவ்வித்தையின்பால் ஆசைகொண்டு, மாணவராக வந்து சேர்ந்தார். பிரெஞ்சு நிறுவனங்களின் பழைய விளம்பர ஏடுகளை எல்லாம் மனப்பாடம் செய்திருந்தார். குழாய்கள் கூடும் மூட்டைத் தடவிப் பார்த்தே நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். ஒருமுறையும் தவறியதில்லை.

ஒரு நாள் கேட்டுவிட்டார்.

“அம்மா, விழுந்த இடம் தெரிஞ்சா வண்டியோட வகை தெரிஞ்சிடுமா?”

“தெரியாது.”

“அப்புறம் ஏன் முதல்ல அதைக் கேக்குறீங்க?”

அம்மையார் எழுந்து, மூலையில் நின்ற தம் சொந்த வண்டியை உருட்டிவந்து அவர் கையில் கொடுத்தார்.

“கொஞ்ச நேரம் இதைப் பிடிச்சிட்டு நில்லுங்க ஐயா. டீ போட்டுட்டு வந்துடறேன்.”

கோதண்டபாணி நின்றார். நிற்கும் நேரத்தை வீணாக்குவானேன் என்று குனிந்து, வண்டியின் அடிப்புறத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார்.

அம்மையார் டீயுடன் வந்தார்.

“என்ன பார்த்தீங்க?”

“நம்பரைப் பார்த்தேன். போருக்கு முந்தின வண்டி.”

“சரிதான். டீயைக் குடிங்க, ஆறிடும்.”

அதைப் பாராட்டென்றே கோதண்டபாணி எடுத்துக்கொண்டார்.

அதன்பின் ஒரு சனிக்கிழமை, இடம்பெயர்க்க முடியாத வண்டி ஒன்றைப் பார்க்க அம்மையார் தரங்கம்பாடிக்குச் செல்ல நேர்ந்தது.

“முக்காலி இன்னைக்கு உங்களோடது” என்றார், புறப்படும்போது.

கோதண்டபாணி சலவைச் சட்டை அணிந்து வந்தார்.

அன்று வந்தவர் அபூபக்கர் என்னும் முதியவர். எண்பதை எட்டிப் பிடிக்கும் வயது. வெள்ளைத் தொப்பி, கட்டம்போட்ட கைலி, இடுப்பில் செருகிய ஒரு ஸ்பேனர். அவர் உருட்டிவந்த வண்டியைக் கண்டதும் கோதண்டபாணியின் நெஞ்சு துள்ளியது. பச்சை வண்ணத்தின் கீழே ஓர் அரிய பொருள் ஒளிந்திருப்பதை அவர் கண்கள் அக்கணமே அறிந்துகொண்டன.

“வண்டி உங்களோடதா பாய்?”

“இல்ல தம்பி. என் கூட்டாளி பிலவேந்திரனோடது. அவன் போன வருஷம் மௌத்தாயிட்டான். அவன் பொஞ்சாதி கொண்டாந்து என் வாசல்ல நிறுத்திட்டாங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வேளாங்கண்ணிப் பந்தயம் இருக்குல்ல, அதுக்கு முன்னால இந்த வண்டியை நான் உருட்டிக்கிட்டுப் போகணுமாம். மைக்குல பேர் சொல்லணும், பேர் கேட்டுட்டு வாங்கன்னாங்க. எனக்கு அது பேர் தெரியல. அவனுக்கும் தெரியாது. அது என்னன்னா தம்பி, அந்தக் காலத்துல வாஞ்சூர் வளைவுல…”

கோதண்டபாணி கையை உயர்த்தினார்.

“கதை அப்புறம் பாய். முதல்ல வண்டி பேசட்டும்.”

சுவரோரம் ‘ஆஹா’ என்றொரு குரல் எழுந்தது. உடன்பயிலும் தைரியநாதனின் குரல் அது. கோதண்டபாணிக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகு அவர் வண்டியைச் சுற்றி வந்தார். மூட்டுகளில் மீன் வடிவ வெட்டைக் காட்டினார். பின்சக்கரம் அமரும் இடத்தின் உட்புறத்தில் ஒரு நட்சத்திரக் குறியைக் கைவிளக்கால் காட்டினார். விளக்கு மாட்ட இடமே வைக்கப்படவில்லை; ஆகவே இது ஊர்சுற்றும் வண்டி அன்று, பந்தயத்துக்கென்றே பிறந்தது என்று விளக்கினார். கூட்டம் வாய்மூடிக் கேட்டது.

“இது தெலோர்ம் கம்பெனியோட ஆலூயெத். பிரெஞ்சுல வானம்பாடின்னு அர்த்தம். பந்தய வகை. இந்த ஊருக்கு இன்னொண்ணு வந்திருந்தா அதிசயம்.”

கைத்தட்டல் எழுந்தது. அபூபக்கர் முகம் விளக்கேற்றியதுபோல் மலர்ந்தது.

“வானம்பாடியா! அடப்பாவி பிலவேந்திரா, வானம்பாடி மேலயாடா உக்காந்திருந்தே!”

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கை தட்டும் கூட்டத்தின் முன் நிறுத்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? கோதண்டபாணியின் பார்வை முன்சக்கரத்தில் விழுந்தது.

“ஆனா இதைப் பாருங்க. இரும்பு ரிம்மு. ஏதோ லோக்கல் வண்டியோட சக்கரம். அளவுகூடச் சரியில்லை. இதை நுழைக்கறதுக்காக முன்கவட்டையே மிதிச்சு விரிச்சிருக்கான். பிரேக் கட்டை ரிம்மைத் தொடவே தொடாது. எந்த விவரங்கெட்டவன் மாட்டினானோ!”

“குதிரைக்குக் கழுதைக் கால்!” என்றார் தைரியநாதன்.

முற்றம் சிரித்தது. கோதண்டபாணியும் சிரித்தார்.

அபூபக்கர் மட்டும் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

“அவ்வளவு மட்டமா தம்பி?”

“இது இருக்கற வரைக்கும் வண்டிக்கு மரியாதை இல்லை பாய். கழட்டிப் போட்டுடுங்க.”

“சரி. நீங்க விவரம் தெரிஞ்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். அங்கேயே குந்தி, முன்சக்கரத்தைக் கழற்றினார்.

“இதை எங்க போடட்டும்?”

கோதண்டபாணி பழைய இரும்பு கிடந்த மூலையைக் காட்டினார். முதியவர் சக்கரத்தை அங்கே போடவில்லை. சுவரில் சாய்த்துவைத்து, அது உருளாதபடி ஒரு செங்கல்லை அண்டைகொடுத்தார். பின், பெயர் எழுதிய துணி காற்றில் படபடக்க, வண்டியின் முன்பாதியைத் தோளில் தூக்கிக்கொண்டு, பின்சக்கரம் மட்டும் தரையில் உருள வெளியேறினார்.

மறுநாள் காலையில் அம்மையார் திரும்பினார். கோதண்டபாணி நடந்ததைச் சுவைபடச் சொன்னார். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“எங்கே விழுந்துச்சாம்?”

“அது… கேக்கலை அம்மா. தேவைப்படலை.”

அம்மையார் மூலைக்குச் சென்றார். செங்கல்லைப் பார்த்தார். சக்கரத்தை எடுத்து, அச்சை இரு விரல்களில் பிடித்துச் சுழற்றினார். அது சுழன்றது. இம்மியும் ஆடாமல், ஓசையின்றி, நெடுநேரம் சுழன்றது.

“ரிம்மு எப்படி?”

“மட்டம்.”

“கம்பிங்க?”

கோதண்டபாணி குனிந்தார். நேற்று அவர் பார்க்காத ஒன்று கண்ணிற்பட்டது. கம்பிகள் உயர்ந்த வகை. ஒரே காலத்தவை அல்ல. ஒவ்வொன்றும் தேயத் தேய, வெவ்வேறு காலத்தில், ஒவ்வொன்றாக மாற்றப்பட்டவை. ஒரு மட்டமான வளையத்துக்கு எவரோ ஆயுள் முழுதும் மருத்துவம் பார்த்திருந்தார்.

“புதுச்சக்கரமே மாட்டியிருக்கலாமே” என்றார், அடங்கிய குரலில்.

“மாட்டியிருக்கலாம். ஏன் மாட்டலை?”

கோதண்டபாணி கம்பிகளை மறுபடியும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“கொண்டுபோய்க் கேட்டுட்டு வாங்க.”

கோதண்டபாணி சக்கரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியே நடந்தார். தூக்கிச் சுமந்தால் கை வலித்தது. உருட்டினால் ஊர் வேடிக்கை பார்த்தது. டீக்கடையில் நின்ற ஒருவன், “என்ன சார், மீதி வண்டி பின்னால வருதா?” என்றான். முந்தைய நாள் கைதட்டியவர்களுள் அவனும் ஒருவன்.

அபூபக்கரின் வீட்டு முற்றத்தில் வண்டி நின்றிருந்தது. முன்புறத்தில் பளபளக்கும் வெளிநாட்டுச் சக்கரம் ஒன்று இருந்தது.

“வாங்க தம்பி! இப்ப எப்படி இருக்கு? நாகூர்ல ஒருத்தர்கிட்டக் கெஞ்சி இரவல் வாங்கியாந்தேன். இப்ப வண்டிக்கு மரியாதைதானே?”

கோதண்டபாணி சக்கரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார்.

“பாய்… இந்த வண்டி எங்கே விழுந்தது?”

முதியவர் சிரித்தார்.

“அதைத்தான் நேத்தே சொல்ல வந்தேன். வாஞ்சூர் வளைவு. பந்தயத்துல வேளாங்கண்ணி போயிட்டுத் திரும்பி வர்றோம். முன்னால அவன், பின்னால நான். உப்பு வண்டி மாடு ஒண்ணு குறுக்க வந்துச்சு. போய் மோதினான் பாருங்க, முன்சக்கரம் அப்பளம். எந்திரிச்சு உக்காந்து அழுவுறான். அந்த வருஷம்தான் அவன் அப்பாரு கடலோட போயிருந்தாரு. ஜெயிக்கிறவனுக்குத் துறைமுகத்துல வேலைன்னு சொல்லியிருந்தாங்க. வீட்டுல தங்கச்சிங்க நிறைய. எனக்கென்ன, எங்க வாப்பாவுக்குக் கடை இருந்துச்சு. என் வண்டி நம்ம ஊர்ல பூட்டினது. முன்சக்கரத்தைக் கழட்டிக் குடுத்தேன்.”

“அது சேராதே பாய்.”

“எங்க சேருது? ரெண்டு பேருமா கவட்டை மிதிச்சு விரிச்சோம். டயர்ல காத்தை இறக்கினோம். அப்புறம்தான் நுழைஞ்சுச்சு. ‘பிரேக் பிடிக்காதுடா’ன்னேன். ‘நிறுத்துறதுக்கா போறேன்’னான்.”

நினைவில் ஒருகணம் குலுங்கிச் சிரித்தார். பிறகு அச்சிரிப்பு வற்றியது.

“ஜெயிச்சிட்டான். வேலையும் கிடைச்சுது. சக்கரத்தைத் திருப்பித் தர்றேன்னான், நான்தான் வாங்கல. சாகுற வரைக்கும் அதோடதான் ஓட்டினான். நானும் இத்தனை வருஷமா, நாமும் ஒருத்தனுக்கு ஒரு நல்லது செஞ்சிருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. நீங்க சொன்ன பெறகுதான் விளங்குச்சு. வானம்பாடி மாதிரி வண்டிக்குக் கழுதைக் காலைல்ல குடுத்திருக்கேன்! அவன் வாய்விட்டுச் சொல்ல மாட்டாம சகிச்சுக்கிட்டே ஓட்டியிருக்கான். ராத்திரி முழுக்க எனக்கு வெட்கமாப் போச்சு.”

எவரைக் கோதண்டபாணி விவரங்கெட்டவன் என்றாரோ, அவர் எதிரில் நின்று, தேநீர் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாய், இதை மறுபடி மாட்டிடுங்க. கம்பிங்களைப் பாருங்க, அவர் எவ்வளவு…”

“வேணாம் தம்பி. எனக்காகச் சொல்றீங்க. ஊரே பார்க்க உருட்டிட்டுப் போறது. அவன் வண்டியை நான் மறுபடி கேவலப்படுத்தக் கூடாது.”

எவ்வளவு மன்றாடியும் முதியவர் அசையவில்லை. கோதண்டபாணி சக்கரத்தோடு திரும்பினார். வழியில் விந்தையான ஓர் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. தாம் சொன்ன பெயரே ஒருவேளை தவறாக இருந்துவிட்டால்? அது ஆலூயெத்தே அன்று, ஏதோ சாதாரண வண்டிதான் என்றாகிவிட்டால்? அறியாமல் தவறு செய்தவன் என்று தலைகுனிந்து நின்றுவிடலாமே! மீன் வெட்டை நினைத்துப் பார்த்தார். நட்சத்திரக் குறியை நினைத்துப் பார்த்தார். எங்கேனும் ஒரு பிழை அகப்படாதா என்று ஆயுளில் முதன்முறையாகத் தம் கணிப்புக்குள் தேடினார்.

கிடங்கில் அம்மையார் எண்ணெய்க் கையோடு இருந்தார். கோதண்டபாணி அனைத்தையும் சொன்னார். தைரியநாதனின் கேலியைக்கூட விடவில்லை. ஆனால் தாமும் சிரித்ததைச் சொல்லாமல் விட்டார். சற்றுப் பொறுத்து அதையும் சொன்னார்.

“அம்மா, நான் சொன்ன பேர் தப்பா?”

அம்மையார் பழந்துணி ஒன்றில் விரல்களைத் துடைத்தார்.

“அவர் வாங்க மாட்டேங்கறாரு. என்ன சொன்னா வாங்குவாரு?”

“எங்கே வெச்சுச் சொன்னீங்க, அது மட்டம்னு?”

“இங்கே. இந்த முற்றத்துல.”

“அப்போ அவர் வீட்டுல போய்ச் சொன்னா எப்படிக் கேக்கும்?”

சனிக்கிழமை முற்றத்துக்கு வரச் சொல்லி அபூபக்கருக்கு ஆள் போயிற்று. வருவதாகவும் அவர் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை வந்தது. மறுநாள் பந்தயம், ஆதலின் வெளியூராரும் சேர்ந்து முற்றம் நிரம்பி வழிந்தது. அம்மையார் முக்காலியில் அமர்ந்தார். வழக்கமாக அவர் அருகே நிற்கும் கோதண்டபாணி அன்று அங்கே இல்லை. உரியவர்களின் வரிசையில் நின்றார். தம் முறை வந்ததும், ஒற்றைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கருங்கல் பலகையின் மேல் ஏறினார்.

“ஐயா எறங்கி வந்துட்டாரு!” என்றார் தைரியநாதன். சிலர் சிரித்தனர்.

அம்மையார் எல்லாரிடமும் கேட்பதுபோலவே கேட்டார்.

“இது எங்கே விழுந்தது?”

கோதண்டபாணி வாஞ்சூர் வளைவைச் சொன்னார். மாட்டைச் சொன்னார். அழுதவனைச் சொன்னார், இறங்கி நின்று தன் சக்கரத்தைக் கழற்றியவனைச் சொன்னார். கவட்டை விரித்த இரண்டு கால்களைச் சொன்னார். ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கம்பிகளைச் சொன்னார். சிரிப்பு எப்போது அடங்கிற்று என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

“வாஞ்சூர்ல விழுந்தது பிலவேந்திரன் வண்டி அம்மா. இந்தச் சக்கரம் அங்கே விழலை.”

“பின்னே எங்கே?”

“இங்கே. இந்த முற்றத்துல. போன சனிக்கிழமை. தள்ளிவிட்டது நான்தான்.”

வாயிற்பக்கம் ஒரு சலசலப்பு. கூட்டம் விலகிற்று. அபூபக்கர் வண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“கிட்ட வந்து சொல்லுங்க தம்பி. எனக்குக் காது மந்தம்.”

கோதண்டபாணி பலகையை விட்டு இறங்கி, கூட்டத்தின் நடுவே நடந்து, முதியவரின் முன் நின்றார். ஒருமுறை சொன்னதை இன்னும் உரக்கச் சொன்னார்.

“விவரங்கெட்டவன்னு சொன்னது நான் பாய். சிரிச்சதும் நான். தெரியாமச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். நீங்க சொல்ல வந்தீங்க. நான் வாயை அடைச்சேன்.”

தைரியநாதன் தரையைப் பார்த்தார். பின் அபூபக்கர் கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். இரவல் சக்கரத்தின் நட்டைத் திருகத் தொடங்கினார்.

“ஹேண்டில்பாரை நல்லாப் பிடிங்க தம்பி. ஆடுது.”

கோதண்டபாணி பிடித்தார். பிடித்த கையின் கீழ், இடப்புறக் கைப்பிடி சற்றே உள்வளைந்திருப்பதை உணர்ந்தார். விழுந்த பக்கம் அது. இத்தனை ஆண்டும் ஒருவன் தன் உள்ளங்கையை அவ்வளைவில் வைத்து ஓட்டியிருக்கிறான். சென்ற வாரம் இதே வண்டியை அவர் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். இதைப் பிடித்துப் பார்க்கவில்லை. அன்று அம்மையார் கையில் கொடுத்த வண்டியையும்தான்.

“காத்தை இறக்குங்க. இல்லாட்டி நுழையாது” என்றார் முதியவர்.

சலவைச் சட்டையோடு கோதண்டபாணி மண்ணில் மண்டியிட்டார். காற்று சீறி வெளியேறிற்று. இருவருமாகச் சக்கரத்தை நுழைத்தனர். அபூபக்கர் அதை ஒருமுறை சுழற்றிவிட்டு, அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரேக் பிடிக்காது, பார்த்துக்கங்க” என்றார் யாரிடமோ.

இருக்கைக்குக் கீழே அந்த வெள்ளைத் துணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்த தம் கையெழுத்தைக் காணக் கோதண்டபாணிக்குக் கூசிற்று. முக்காலியின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, இந்தத் துணியை அவிழ்த்துடட்டுமா? நீங்க பார்த்து வேற எழுதிக் குடுத்துடுங்க.”

மதலேன் அம்மையார் எழுந்து, காலை இழுத்து இழுத்து வண்டியருகே வந்தார். மூட்டைத் தடவினார். பின்புறம் குனிந்து நட்சத்திரத்தைப் பார்த்தார். நாடாவைப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். தளர்ந்திருந்த அதன் முடிச்சை இறுக்கிக் கட்டினார்.

“எதுக்கு அவிழ்க்கணும்? பேர் அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சு.”